ஹார்டு டிஸ்க் மாற்றியதும் லைட்ரூமில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி, எப்படிச் சரிசெய்வது?

மணவறை_கிளிக்:

எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். கல்யாணப் படம் எடுப்பதுதான் என் தொழில். ஆறு வருஷத்துப் படங்கள் ஒரே 2 டிபி வெளி டிஸ்க்கில் இருந்தன. அது நிரம்பிவிட்டதால் போன வாரம் 4 டிபி ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் விண்டோஸிலேயே காப்பி பேஸ்ட் போட்டேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். புது டிஸ்க்தானே, அப்படியே ஒழுங்குபடுத்திவிடுவோம் என்று வருஷவாரியாகப் பிரித்து ஃபோல்டர் பெயர்களையும் மாற்றினேன் (பழைய பெயர்கள் 'புது', 'புது 2', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி', சிரிக்காதீர்கள்).

இப்போது லைட்ரூம் கிளாசிக்கை (படங்களை அடுக்கி எடிட் செய்யும் மென்பொருள்) திறந்தால் இடது பக்கம் அந்த டிஸ்க்கின் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. சின்னப் படங்கள் தெரிகின்றன, ஆனால் மூலையில் ஆச்சரியக்குறி. எடிட் செய்யும் டெவலப் பக்கம் போனால் ஃபைலைக் காணோம் என்கிறது. ஒரு முகூர்த்த ஃபோல்டரை மட்டும் ரிமூவ் கொடுத்துவிட்டுப் புது டிஸ்க்கிலிருந்து மறுபடி இம்போர்ட் செய்து பார்த்தேன். 640 படமும் வந்துவிட்டது, ஆனால் ஸ்டார், கிராப், கலர் எதுவுமே இல்லை, கேமராவில் இருந்து அப்போதுதான் இறக்கியது போல நிற்கிறது. அந்த ஆல்பத்தை வெள்ளிக்கிழமை தரவேண்டும். பழைய டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை.

பழைய_நெகட்டிவ்:

சகோ, முதலில் கையை எடுங்கள். இனி எதையும் ரிமூவ் செய்யாதீர்கள், இம்போர்ட்டும் வேண்டாம். பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறது என்றீர்களே, அதுதான் உயிர்.

நடந்தது இதுதான். லைட்ரூமுக்குள் படங்கள் கிடையாது. கேட்டலாக் என்பது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரி: இன்ன படம் இ டிரைவில் இன்ன ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு நாலு ஸ்டார், வெளிச்சம் (எக்ஸ்போஷர்) அரை ஸ்டாப் ஏற்றியிருக்கிறது என்று எழுதிவைத்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் விண்டோஸில் மாற்றியது அதற்குத் தெரியாது, பழைய விலாசத்தில் போய்த் தேடுகிறது. ரிமூவ் கொடுத்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிடும். மறுபடி இம்போர்ட் செய்தால் புதுப் பக்கம், வெறும் பக்கம்.

சாதாரணமாக இந்தக் கேள்விக்குறிக்கு மருந்து ஒரே க்ளிக்: ஃபோல்டர் மேல் ரைட் க்ளிக், 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்', புது இடத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் கூடவே வந்துவிடும். ஆனால் நீங்கள் அடுக்கையே மாற்றிவிட்டதால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனித்தனியாகக் காட்டவேண்டும். ஆறு வருஷத்துக்கு அதைச் செய்யாதீர்கள், பாதியில் குழம்பிவிடுவீர்கள். பின்னோக்கிப் போவது சுலபம். பழைய டிஸ்க்கைச் செருகுங்கள், முன்பு இருந்த அதே டிரைவ் எழுத்து (இ) கிடைத்தால் கேள்விக்குறி எல்லாம் தானாகப் போய்விடும். அப்புறம் புது டிஸ்க்கில் நீங்கள் அடுக்கியதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பழையதை ஒரு பெயர்கூட மாறாமல் மறுபடி காப்பி எடுங்கள். ரெண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லைட்ரூமில் 'ஷோ பேரன்ட் ஃபோல்டர்' கொடுத்து மேல் ஃபோல்டரை வரவழைத்து, அதற்கு மட்டும் ஒரு தடவை ஃபைண்ட் மிஸ்ஸிங். பெயர் மாற்றுவது, வருஷவாரியாகப் பிரிப்பது எல்லாம் அதற்கப்புறம் லைட்ரூமுக்குள்ளேயே இழுத்துப் போட்டுச் செய்யுங்கள். டிஸ்க்கிலும் ஃபைல் நகரும், திரும்பப்பெற முடியாது என்று ஒரு எச்சரிக்கை வரும், வரட்டும்.

அந்த 640 படத்துக்கு: கடைசியாக எப்போது கேட்டலாக் பேக்கப் எடுத்தீர்கள்?

மணவறை_கிளிக்:

லைட்ரூமை மூடும்போது கேட்கும் அதுவா? பாதி நாள் ஸ்கிப் கொடுத்துவிடுவேன். பார்த்தேன், 9 நாளுக்கு முந்தையது ஒன்று ஜிப்பாக இருக்கிறது. ஆனால் 38 எம்பிதான் இருக்கிறது, படங்கள் எல்லாம் அதில் எப்படி இருக்கும்? இன்னொன்று, அதற்குப் பிறகு ஒரு சீமந்தம் முழுசாக எடிட் செய்து முடித்துவிட்டேன். அது லேப்டாப்பில் இருக்கிறது, அதில் ஒன்றும் தகராறு இல்லை. பழைய பேக்கப்புக்குப் போனால் அது போய்விடுமே?

பழைய_நெகட்டிவ்:

அதில் படம் இருக்காது, இருக்கவும் கூடாது. அது கணக்குப் புத்தகத்தின் நகல் மட்டும். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

சீமந்தம் போகாது. இப்போதைய கேட்டலாக்கில் அந்த ஃபோல்டர் மேல் ரைட் க்ளிக் செய்து 'எக்ஸ்போர்ட் திஸ் ஃபோல்டர் அஸ் எ கேட்டலாக்'. நெகட்டிவ் ஃபைல்ஸ் (அதாவது அசல் படங்கள்) டிக்கை எடுத்துவிடுங்கள், படங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு ஜிப்பை வேறு ஃபோல்டரில் பிரித்து அந்த 9 நாள் பழைய கேட்டலாக்கைத் திறங்கள், ஃபைல் மெனுவில் 'இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்' கொடுத்து சீமந்தத்தை உள்ளே இழுங்கள். முகூர்த்தம் அதில் பழைய எடிட்டோடு இருக்கும், சீமந்தமும் சேர்ந்துவிடும். இனி அதுதான் உங்கள் கேட்டலாக். பிரிவ்யூக்களை (திரையில் காட்டும் சின்னப் படங்கள்) மறுபடி உருவாக்க நேரம் எடுக்கும், பயப்படாதீர்கள். இதை முடித்த பிறகு டிஸ்க் மாற்றும் வேலைக்குப் போங்கள்.

ரா_மட்டும்:

நான் இதைவிட மோசமாக மாட்டினவன், அதனால் சொல்கிறேன். 'சிங்க்ரனைஸ் ஃபோல்டர்' பக்கம் போய்விடாதீர்கள். ஒரே மேல் ஃபோல்டருக்குள் படங்களை எக்ஸ்ப்ளோரரில் அங்கும் இங்கும் நகர்த்திவிட்டு, சிங்க் என்றால் சரிசெய்துவிடும் என்று நினைத்துக் கொடுத்தேன். காணாமல் போனவற்றைக் கேட்டலாக்கிலிருந்து நீக்கு என்ற டிக் இருந்ததைப் பார்க்கவில்லை. அதற்குக் காணாமல் போனது வேறு, புதிதாக வந்தது வேறு, ரெண்டும் ஒரே படம் என்று அது யோசிக்காது. இரண்டு மாத வேலை போய்விட்டது.

இன்னொன்று, ஒற்றைப் படத்துக்கு ஆச்சரியக்குறியை அழுத்தி 'லொகேட்' கொடுக்கும்போது பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கேமரா 9999க்குப் பிறகு மறுபடி 0001 என்று ஆரம்பிக்கும், ஆறு வருஷத்தில் ஒரே டிஎஸ்சி 0417 என்ற ஃபைல் பெயர் மூன்று கல்யாணத்தில் இருக்கும். தப்பானதைக் காட்டினால் ஒருவர் தாலி கட்டும் படத்துக்குப் போட்ட கிராப் வேறொரு பந்தியில் உட்காரும்.

எக்ஸ்எம்பி எழுதும் ஆப்ஷனையும் ஆன் செய்துவிடுங்கள் என்பேன். ராவுக்கு (கேமராவின் அசல் ஃபைல்) பக்கத்தில் சின்ன ஃபைலாக ஸ்டாரும் எடிட்டும் உட்கார்ந்திருந்தால் மறு இம்போர்ட்டிலும் வந்திருக்கும். ஆனால் கலெக்‌ஷனும் (நாம் சேர்த்துவைக்கும் படத் தொகுப்பு) வர்ச்சுவல் காப்பியும் (ஒரே படத்துக்கு இன்னொரு எடிட்) அதில் வராது, அதனால் அதை நம்பிக் கேட்டலாக் பேக்கப்பை விடாதீர்கள். நான் டார்க்டேபிள் என்ற வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டேன், அது படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பியை அதுவாகவே எழுதிவிடும். சண்டைக்கு வராதீர்கள், எனக்கு அது ஒத்துவருகிறது, அவ்வளவுதான்.

பழைய_நெகட்டிவ்:

சண்டை இல்லை ஜி :) ஆனால் வெள்ளிக்கிழமை ஆல்பம் தரவேண்டியவரை இப்போது மென்பொருள் மாற்றச் சொல்லாதீர்கள்.

மணவறை_கிளிக்:

இருவருக்கும் நன்றி. பழைய டிஸ்க்கைச் செருகினதும் எஃப் என்று வந்தது, இ என்ற எழுத்தைப் புதியது பிடித்துக்கொண்டிருந்தது. கேள்விக்குறி போகவே இல்லை, ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதியதற்கு 'என்' (N) என்ற எழுத்தைக் கொடுத்து, பழையதற்கு இ திரும்பக் கொடுத்தேன். லைட்ரூமைத் திறந்தால் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. முகூர்த்தம் எல்லா ஸ்டாரோடும் நிற்கிறது, சீமந்தமும் வந்துவிட்டது. காப்பி ராத்திரி ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கேள்வி ஒன்று பாக்கி: 'நிஜமாகவே கடைசி' ஃபோல்டரில் ரெண்டு கல்யாணம் கலந்து கிடக்கிறது, ரெண்டும் ஒரே மண்டபம். அதை லைட்ரூமில் எப்படிப் பிரிப்பது?

ரா_மட்டும்:

லைப்ரரி ஃபில்டரில் மெட்டாடேட்டா (படத்தோடு பதிவாகும் தேதி, கேமரா விவரம்) போய் தேதியைத் தேர்ந்தெடுங்கள், ரெண்டு நாளும் தனித்தனியாக வந்துவிடும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் புது ஃபோல்டருக்கு இழுங்கள். காப்பி முடிந்து, டிஸ்க்கை மாற்றிக் காட்டிய பிறகு.