வட கொரியாவின் இளம்பெண்கள் அணி: இந்தக் கோப்பைகளை எப்படிப் பார்ப்பது?

பத்தாம்_நம்பர்:
மொராக்கோவின் ரபாத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இறுதியைப் பார்த்தீர்களா? நெதர்லாந்தை லீக் சுற்றில் 5-0, இறுதியில் 3-0 என்று ஒரே தொடரில் இரண்டு முறை சாய்த்துவிட்டது வட கொரியா. யூ ஜாங்-ஹ்யாங் மட்டும் 8 கோல். 2008, 2016, 2024, இப்போது 2025 என்று இந்தப் பிரிவில் இது நான்காவது கோப்பை. வேறு எந்த நாடும் இரண்டைத் தாண்டியதில்லை. 20 வயதுப் பிரிவில் 2006, 2016, 2024 என்று மூன்று. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சமம். 2016, 2024 இரண்டு ஆண்டுகளிலும் இரண்டு பிரிவையும் சேர்த்தே வென்றார்கள். பெண்கள் கால்பந்தில் இன்று இதைவிடச் சிறந்த இளையோர் அணி கிடையாது என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_ஸ்டாப்பர்:
நான் மறுக்கிறேன். மற்ற நாட்டுப் பெண்கள் பள்ளிக்கும் கிளப்புக்கும் போய்க்கொண்டே ஆடுகிறார்கள், தேசிய அணிக்குச் சில வாரங்கள்தான் ஒன்றுகூடுகிறார்கள். இவர்களோ ஒரே இடத்தில் தங்கி வருடக்கணக்காகச் சேர்ந்தே பயிற்சி எடுக்கிறவர்கள். பதினாறு வயதில் அந்தப் புரிதல் இருந்தால் ஜெயிக்கத்தான் செய்வார்கள். இளையோர் அணி என்பதே சீனியர் அணிக்கு ஆள் தருவதற்குத்தானே? வட கொரியாவின் சீனியர் பெண்கள் உலகக் கோப்பையில் கடைசியாக ஆடியது 2011-ல். அந்தத் தொடரிலும் ஐந்து பேர் ஊக்கமருந்தில் சிக்கினார்கள். கஸ்தூரி மானிலிருந்து எடுத்த மருந்து என்று விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள், ஃபிஃபா ஏற்கவில்லை, 2015 உலகக் கோப்பைக்குத் தடை வந்தது. அந்த வரலாற்றை மறந்துவிட்டுக் கோப்பையை மட்டும் எண்ண என்னால் முடியாது.

பத்தாம்_நம்பர்:
ஸ்டாப்பர் அண்ணா, 2011-ல் சீனியர் அணியில் நடந்ததை, அப்போது நாலைந்து வயதுக் குழந்தையாக இருந்தவர்கள் மேல் ஏற்றுவது என்ன நியாயம்? சீனியர் அணி ஏன் காணாமல் போனது என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2015-ல் தடை. 2019 உலகக் கோப்பைக்கு ஆசியக் கோப்பை வழியாகத்தான் போக வேண்டும், அதற்காக 2017 ஏப்ரலில் பியோங்யாங்கில் நடந்த தகுதிச் சுற்றில் தென் கொரியாவோடு 1-1 டிரா. புள்ளிகள் சமமாகி கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். அதே குழுவில் இருந்த இந்தியாவை 8-0 என்று வென்றார்கள், தென் கொரியா நம்மை 10-0 என்று வென்றது. அப்புறம் கொரோனா காலத்தில் எல்லையை மூடிக்கொண்டு போட்டிகளிலிருந்தே விலகினார்கள், 2023 போனது. 2022-ல் இரண்டு இளையோர் உலகக் கோப்பைகளிலும் அவர்கள் இல்லாததற்கும் அதுதான் காரணம். இதில் எங்கே ஆட்டம் மோசம்?

மலர்விழி:
எனக்கு இதில் வலிப்பது வேறொன்று. 2016 டிசம்பரில் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியில் பிரான்ஸை 3-1 என்று வென்று 20 வயதுக் கோப்பையைத் தூக்கிய பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை சீனியர் உலகக் கோப்பையில் கால் வைத்ததில்லை. வெளிநாட்டுக் கிளப்புக்குப் போகவும் வழியில்லை. 2017 டிசம்பர் ஐ.நா. தீர்மானத்துக்குப் பிறகு வட கொரியர்களை வேலைக்கு வைத்திருக்கும் நாடுகள் திருப்பி அனுப்பியாக வேண்டும். இத்தாலியின் யுவென்டஸ் கிளப் வரை போன வட கொரிய ஆண் வீரர் ஹான் குவாங்-சாங்குக்கே அந்தத் தடையால் ஆட்டம் நின்றது. அன்று அந்தப் பெண்களிடம் தோற்ற பிரெஞ்சு வீராங்கனைகளுக்கு ஐரோப்பிய லீக்குகள் திறந்தே இருந்தன. வென்றவர்களுக்குத்தான் கதவு மூடியிருந்தது.

நெல்லை_ஸ்டாப்பர்:
மலர்விழி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அந்தப் பெண்களை வைத்து அரசு கோப்பை சேர்க்கிறது, அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட அமைப்பைத்தான் சிறந்தது என்கிறோமா?

குமரிக்கடல்:
முகாமில் அடைத்து வைத்ததால்தான் ஜெயிக்கிறார்கள் என்ற வாதத்துக்கு ஒரு பதில் இருக்கிறது, அது நம் வீட்டிலேயே இருக்கிறது. 2022-ல் 17 வயது உலகக் கோப்பையை நடத்தியது இந்தியா. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே இடம் கிடைத்தது. நம் பெண்களையும் ஜாம்ஷெட்பூரில் மாதக்கணக்கில் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், ஸ்வீடனிலிருந்து தாமஸ் டென்னர்பியைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். புவனேஸ்வரில் என்ன ஆனது? அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்தப் பெண்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகாம் மட்டும் போதாது, அதற்கு முன்னால் பத்து வருட ஆட்டம் காலில் இருக்க வேண்டும். பியோங்யாங்கில் 2013-லேயே சிறுவர் சிறுமியருக்கென்று சர்வதேசக் கால்பந்துப் பள்ளி திறந்துவிட்டார்கள்.

ஆட்டத்தையும் கொஞ்சம் பேசுவோம், யாருமே பேசவில்லை. 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுப் போட்டியில் அர்ஜென்டினாவை 6-2, கோஸ்டாரிகாவை 9-0, நெதர்லாந்தை 2-0, ஆஸ்திரியாவை 5-2. இதைப் பார்த்து கோல் மழை பொழியும் அணி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குப் பிறகு பிரேசில், அமெரிக்கா, ஜப்பான் மூன்றையும் 1-0, 1-0, 1-0 என்று வென்றார்கள். பொகோட்டா இறுதியில் 15-வது நிமிடத்தில் சோ இல்-சன் கோல் போட்டார். மீதி 75 நிமிடமும் ஜப்பானைத் திரும்ப விடவில்லை. பந்து போனதும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நெருக்குவது, இரண்டு காலாலும் தயங்காமல் அடிப்பது, 80-வது நிமிடத்திலும் முதல் நிமிட ஓட்டம். போட்டியின் சிறந்த வீராங்கனை விருதும், 6 கோலுக்காகத் தங்கக் காலணியும் சோ இல்-சனுக்கே. ஒரு கோலை வைத்துக்கொண்டு மூன்று பெரிய அணிகளைத் தடுப்பது சேர்ந்து வாழ்வதால் மட்டும் வருவதில்லை ஸ்டாப்பர்.

நெல்லை_ஸ்டாப்பர்:
சரி, ஆட்டத்தில் குறை இல்லை, அந்தப் பகுதியை விட்டுவிடுகிறேன். ஆனால் பள்ளி விஷயத்தில் நீங்கள் சொன்னதே என் கேள்வி. சின்ன வயதிலேயே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோகும் பிள்ளைக்கு, "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அந்த நாட்டில் இடம் இருக்கிறதா? தோற்றால் என்ன ஆகும் என்ற பயத்தில் ஓடுகிறார்களா, விருப்பத்தில் ஓடுகிறார்களா?

மலர்விழி:
வெளியிலிருந்து பார்த்து அந்தப் பிள்ளைகளின் மனதை நாம் முடிவு செய்வதும் தவறுதான். பயத்தில் ஓடுகிறார்கள் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தப் பெண் போட்ட கோலை அவளிடமிருந்து எடுத்து அரசிடமே கொடுக்கிறீர்கள். அரசும் அதைத்தானே செய்கிறது?

இன்னொன்று. 2006-ல் மாஸ்கோவில் சீனாவை 5-0 என்று தோற்கடித்தார்களே, கிம் சாங்-ஹூய் ஹாட்ரிக் போட்ட இறுதி ஆட்டம். அன்று பியோங்யாங்கில் இந்தப் பள்ளியே இல்லை. பெண்கள் ஆடுவதை அந்த நாடு அதற்கும் முன்னாலேயே மதிக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் எத்தனை அப்பாக்கள் மகளை மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் விடுகிறார்கள்?

நெல்லை_ஸ்டாப்பர்:
கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, எங்கள் தெருவிலேயே ஒருவரும் விடுவதில்லை. ஆனாலும் அணியின் மேல் எனக்கு மரியாதை, அமைப்பின் மேல் இல்லை. இதில் நான் மாறப்போவதில்லை.

பத்தாம்_நம்பர்:
அணியின் மேல் மரியாதை என்று நீங்கள் எழுதியதே போதும் அண்ணா. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை, சீனாவும் வங்கதேசமும் உஸ்பெகிஸ்தானும் இவர்கள் குழுவில். பிரேசிலில் நடக்கவிருக்கும் சீனியர் உலகக் கோப்பைக்கு அங்கேதான் வழி திறக்க வேண்டும். சீனா ஆட்டம் நடக்கும் அன்று இதே இழையில் நேரலையாகப் பேசுவோம், எல்லோரும் வாருங்கள்.