மறு: ஓவியத்தில் 'வேல்யூ' – ஒளிநிலை எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> வேல்யூ என்றால் மதிப்பு என்றே வைத்துவிடலாமே, அகராதியிலும் அதுதானே இருக்கிறது.

வேல்யூ (value) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற நம் பேச்சில் வந்த மேற்கண்ட கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியத்தில் வேல்யூ என்பது, ஒரு நிறம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான். நிறங்களை எண்களால் குறிக்கும் மன்செல் முறையில் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10. இங்கே அல்சூரில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித்தருகிறேன். "இந்த இடத்தின் மதிப்பைக் குறை" என்றால் எந்தப் பிள்ளைக்கும் கை ஓடாது. 'தொனி' என்று வைத்தாலும் குரலைத்தான் நினைக்கிறார்கள்.

வேல்யூவுக்கு 'ஒளிநிழல்' என்று வைக்கலாமே என்றால், அது அருமையான சொல்தான். ஆனால் அதைக் கியரோஸ்கியூரோவுக்கு வைத்துக்கொள்வோம். அந்த இத்தாலியச் சொல்லிலேயே வெளிச்சமும் இருளும் சேர்ந்துதான் இருக்கின்றன. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1600 வாக்கில் ரோமில் தீட்டிய 'புனித மத்தேயுவின் அழைப்பு' படத்தில் ஒளி ஒரு பக்கமிருந்து இருட்டறைக்குள் பாய்கிறதே, அந்த முழு ஏற்பாட்டுக்கான பெயர் அது. வேல்யூ ஒவ்வொரு வண்ணத் திட்டுக்கும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பாடம் குழம்பிவிடும்.

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் ஓவியர் ஹல்தங்கர் வரைந்த விளக்கேந்திய பெண் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். (ரவிவர்மா வரைந்தது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள், அது தவறு.) நீர்வண்ண ஓவியம். சுடருக்குக் குறுக்கே வைத்த விரல்கள் செக்கச்செவேலென்று இருக்கும். தாளின் வெள்ளையைவிட வெளிச்சமான எதுவும் அந்த ஓவியருக்குக் கிடையாது. சுற்றியுள்ள இடத்தை இருட்டுக்கு இறக்கித்தான் சுடரை எரியவிட்டிருக்கிறார். அந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

என் பரிந்துரை ஒளிநிலை. "ஒளிநிலையை இறக்கு" என்றால் வகுப்பில் உடனே புரிகிறது. நடு ஒளிநிலை, ஒளிநிலை வரிசை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும். மும்பை நண்பர் சொன்ன 'ஒளிப்படி' எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் நகலெடுக்கும் கடைதான் நினைவுக்கு வருகிறது.

'ஒளிநிலை என்றால் பளிச்சென்று இருப்பதுதானே' என்று ஒருவர் கேட்டிருந்தார். எலுமிச்சை மஞ்சளையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பாருங்கள். மஞ்சள் வெள்ளைத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஊதா கறுப்புக்கு அருகே போய்விடும். இரண்டுமே பளிச்சென்ற நிறங்கள்தான். பளிச்சென்று இருப்பதை நிறச்செறிவு என்போம்.

அப்புறம், நிழலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்தின் ஒளிபடாத பக்கமும் நிழல், அது தரையில் போடுவதும் நிழல். பின்னதை விழுநிழல் எனலாம். முன்னதற்கு யாராவது நல்ல சொல் தாருங்கள்.

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து