புதுப்பிப்பு: பிரெஞ்சு டிஃபென்ஸை விடவில்லை

போன செஸ் டோர்னமென்ட்டில், கறுப்புக் காய்களுக்கு நான் ஆடும் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்க முறை), வெள்ளை தன் சிப்பாயை இ5-க்கு முன்னேற்றும் அட்வான்ஸ் வகையில் பத்தே நகர்த்தலுக்குள் ராணியைப் பறிகொடுத்த கதையை இங்கே எழுதியிருந்தேன். டி4 கட்டத்துச் சிப்பாயைக் குதிரையால் வெட்டினேன்; அதை வெட்டிய எதிராளியின் குதிரையை ராணியாலும் வெட்ட, அவருடைய பிஷப் டி3-லிருந்து பி5-க்கு வந்து செக்; அது விலகிய வழியில் அவர் ராணி என் ராணியைக் குறிவைத்தது. ராணி போச்சு. இந்த ஓப்பனிங்கையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தேன்.

"அந்த செக் வராமல் இருக்க முதலில் பிஷப்பை டி7-ல் வை" என்றீர்கள் பலர். வைத்தேன். நேற்று நான்காவது சுற்றில் அதே வரிசை! எதிராளி அசராமல் காஸ்லிங் (ராஜாவை யானையோடு இடம் மாற்றி ஒதுக்குவது) செய்து டி4 சிப்பாயைத் தானமாகவே விட்டார். இதுதான் மில்னர்-பாரி கேம்பிட்டாம் (தாக்குதலுக்காகச் சிப்பாயைப் பலி கொடுக்கும் ஆட்டம்). மில்னர்-பாரி இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் சங்கேதக் குறி உடைத்தவர். சும்மா சிப்பாய் கொடுப்பாரா?

வெட்டினேன். எதிராளியின் குதிரை சி3-க்கு வந்தது. இ5-ல் இரண்டாவது சிப்பாயும் இலவசம். கை அரித்தது. எடுத்தால் அவர் யானை இ1-க்கு வந்து என் ராணியை விரட்டும், தாக்குதலும் சூடுபிடிக்கும். ஆறு நிமிடம் யோசித்து சிப்பாயை ஏ6-க்கு நகர்த்தினேன்; இனி அவர் குதிரைக்கு பி5 கிடையாது. பிறகு என் குதிரையை இ7, சி6, பி4 என்று நடத்திப்போய் அந்தத் தொல்லை பிடித்த டி3 பிஷப்பை மாற்றிக்கொண்டேன்.

யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய எண்ட்கேமில் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஜெயிக்கத் தெரியவில்லை. டிரா. சரி, அரைப் புள்ளி. ராணி கடைசிவரை என் கையில்தான் இருந்தது, நானாக மாற்றிக்கொள்ளும் வரை.