மன்னர் கையெழுத்துள்ள படை நியமனப் பத்திரம்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கிராணி வீட்டுப் பேத்தி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா இவ்வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவர். தோட்டத்தைத் துண்டாடி விற்ற காலத்தில், சீமைக்குத் திரும்பிய துரை பங்களாவிலிருந்த சில தாள்களைத் தாத்தாவிடம் கொடுத்துச் சென்றார். அவற்றுள் ஒன்று, அத்துரையைப் பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரியாக நியமித்த 1917ஆம் ஆண்டுப் பத்திரம். அதன் மேற்பகுதியில் ‘ஜார்ஜ் ஆர்.ஐ.’ (ஆர்.ஐ. என்பது ‘மன்னர், பேரரசர்’ என்பதன் லத்தீன் சுருக்கம்) என்ற கையெழுத்தும் அருகே புடைப்பு முத்திரையும் உள்ளன. இது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் கைப்பட இட்டதுதானா? பழம்பொருள் வியாபாரி ஒருவர் விலை பேசுகிறார். அண்ணனோ லேமினேட் செய்து கூடத்தில் மாட்ட விரும்புகிறார்.

மறுமொழி: பழந்தாள் சேகரிப்பவர், ஈப்போ

அம்மா, முதலில் அண்ணனை லேமினேட் கடைக்குப் போகவிடாதீர்கள். இத்தகைய பத்திரங்கள் பலவும் விலங்குத் தோலைப் பதப்படுத்திச் செய்த தோல்தாளில் எழுதப்பட்டவை. சூடு பட்டால் தோல் சுருங்கிவிடும், சுருங்கியதை மீட்க வழியில்லை. சாதாரணத் தாளாகவே இருந்தாலும் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. அமிலமில்லாத அட்டையுறையில், மடிக்காமல், வெயிலும் சுவரின் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள்.

கையெழுத்து இருக்கும் இடம் சரியானதே. பிரிட்டிஷ் மன்னர்கள் மேலே ஒப்பமிடுவார்கள். மன்னரின் ஆணைப்படி அதிகாரிகள் கீழே ஒப்பமிடுவார்கள். ஆயினும் அது மன்னரின் கைப்பட்டது என்று இப்போதே நம்பிவிடாதீர்கள். விக்டோரியா அரசியார் காலத்திலேயே கையெழுத்துக்குக் காத்திருந்த நியமனப் பத்திரங்கள் மலைபோல் குவிந்ததால், அரசியின் ஒப்பமின்றியே அவற்றை வழங்குவதற்கு 1862இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. முதல் உலகப் போரில் அதிகாரிகளின் எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு பெருகியமையால், பல பத்திரங்களில் மன்னரின் கையெழுத்து அச்சாகவே பதிக்கப்பட்டது.

நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். பேனாவால் எழுதியதாயின் அழுத்தத்திற்கேற்ப கோடு தடித்தும் மெலிந்தும் செல்லும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமிடத்தில் மை சற்று அடர்ந்து தெரியும். அச்சாயின் மை எங்கும் ஒரே சீராகவோ, ஓரங்களில் மட்டும் ஒதுங்கியோ நிற்கும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தெலுக் இந்தான்

மேலே ஐயா கூறியவை அனைத்தும் சரி. ஆனால் கையெழுத்து அச்சுதான் என்று தெரிந்ததும் பத்திரத்தை அலட்சியம் செய்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சந்தையில் இத்தகைய பத்திரங்கள் நிறையவே உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை யாருடையவை, எந்த வழியாக வந்தவை என்ற விவரமே இல்லாமல் கைமாறுகின்றன. உங்களிடம் இருப்பதோ, எந்தத் துரை, எந்தத் தோட்டம், யாரிடம், எப்போது கொடுத்தார் என்று சொல்லக்கூடிய பத்திரம். அந்த வரலாற்றை எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறையில் அது வெறும் பழந்தாளாகிவிடும்.

பிரிட்டிஷ் அதிகாரிகளின் நியமனங்கள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்டில் வெளியிடப்பட்டன; அதன் பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். பெயரையும் தேதியையும் அங்கே ஒப்பிட்டபின், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 339, டபிள்யூ.ஓ. 374 ஆகிய தொகுதிகளில் அவருடைய கோப்பு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா பெற்ற மற்றத் தாள்களையும் பிரிக்க வேண்டாம். அவற்றுள் தோட்டத் தொழிலாளர்களின் பெயரையும் வேலை நாட்களையும் பதிந்த செக்ரோல் புத்தகத்தின் ஓர் ஏடேனும் இருந்தால், நம் மக்களின் பெயர்களைத் தாங்கிய அந்த ஏட்டை நான் மன்னரின் கையெழுத்துக்கு மேலாகவே மதிப்பேன்.

மறுமொழி: வாசகர், கிள்ளான்

வெளிநாட்டவருக்கு விற்க நினைத்தால், மலேசியாவின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுரிமைச் சட்டத்தின்கீழ் ஏற்றுமதி உரிமம் தேவையா என்று மரபுரிமை ஆணையரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்

அனைவருக்கும் நன்றி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், மை எங்கும் சீராக இருப்பதால் அச்சு என்றே தோன்றுகிறது. வியாபாரியிடம் விற்பதில்லை என்று சொல்லிவிட்டோம். துரை தாள்களைக் கொடுத்த நாளில் உடனிருந்த பெரியப்பா தைப்பிங்கில் இருக்கிறார். அவர் சொல்வதை எழுதி, கையொப்பமும் வாங்கிப் பத்திரத்துடன் வைக்கப் போகிறேன். தாத்தாவின் பெட்டியில் செக்ரோல் ஏடுகள் சில இருக்கின்றன. அவற்றைப் படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை என்னென்ன என்று ஆசிரியர் ஐயா கூறினால் உதவியாக இருக்கும்.