இரண்டு படங்களையும் ஒரே தட்டில் ஏற்றலாமா?

இரவுக்காட்சி:

ஒஹையோ மாநிலத்தில், இன்னமும் 35 மி.மீ. பிலிமில் படம் காட்டும் ஒரு டிரைவ்-இன் அரங்கில் வார இறுதிகளில் புரொஜெக்டர் ஓட்டி வருகிறேன். கோடையில் ஒன்பது மணிக்குப் பிறகே இருட்டுவதால், 140 நிமிட முதல் படம் முடிந்து 115 நிமிட இரண்டாம் படம் தொடங்கும்போது நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. எங்களிடம் இருப்பது 52 அங்குல விட்டமுள்ள மூன்று தட்டுகளைக் கொண்ட பிளாட்டர்; அதாவது, ரீல்களை ஒட்டி ஒரே சுருளாக்கிப் படுக்கைவாட்டத் தட்டில் வைத்தால், பிலிம் புரொஜெக்டர் வழியாக ஓடி இன்னொரு தட்டில் சுற்றிக்கொள்ளும் கருவி. இரண்டு படங்களையும் ஒட்டி ஒரே தட்டில் ஏற்றிவிட்டால், தூக்கக் கலக்கத்தில் மறுபடி பிலிம் கோக்கும் வேலை இராது. நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் மொத்தம் 22,950 அடி, அதாவது ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். தட்டு தாங்குமா? தாங்கும் என்றாலும் அப்படிச் செய்யலாமா?

பழைய ஆபரேட்டர்:

தாங்கும். இறுக்கமாகச் சுற்றினால் விளிம்பு வரை போகாமலேயே அடங்கிவிடும். ஆனாலும் செய்யாதீர்கள் என்பதே என் பதில்.

பிளாட்டரில் பிலிம் சுருளின் உட்புறத்திலிருந்து வெளியேறுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பிலிமைச் சுற்றத் தொடங்கும் நடு வளையத்தின் விட்டம் 30 செ.மீ. என்று கொண்டால், தொடக்கத்தில் தட்டு இரண்டு விநாடிக்கு ஒரு முறை சுற்ற வேண்டும். படம் முடியும் தறுவாயிலோ எட்டு விநாடிக்கு ஒரு சுற்றே போதும். ஆகவே, தட்டு மிக வேகமாகச் சுற்றுவதும் அதன் மேல் முழுப் பாரமும் இருப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. உங்கள் இரண்டு படங்களும் சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அந்தப் பாரம் உடனே அசையாது. அசைந்த பிறகு உடனே நிற்கவும் செய்யாது. சுற்று எங்காவது தளர்ந்திருந்தால் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி, தட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்த நடுவில் பொருத்தும், ஆபரேட்டர்கள் ‘மூளை’ என்று அழைக்கும் பாகத்தில் பிலிம் சுருட்டிக்கொள்ளும். அந்தக் காலத்து அசிடேட் பிலிமாக இருந்தால் அறுந்துபோகும், ஒட்டிவிட்டு ஓட்டலாம். பாலியெஸ்டர் அறுவதில்லை, இயந்திரத்தைத்தான் வளைக்கும்.

மூன்று தட்டுகள் இருக்கும்போது உங்களுக்கு இந்தச் சிக்கலே தேவையில்லை. முதல் படம் ஒன்றாம் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்குப் போகட்டும். இடைவேளையில் இரண்டாம் தட்டில் இருக்கும் படத்தின் நடு வளையத்தை உருவி, காலியாகிவிட்ட ஒன்றாம் தட்டில் பொருத்துங்கள். மூளையை இரண்டாம் தட்டுக்கு மாற்றுங்கள். மூன்றாவது ஆட்டமாக முதல் படத்தையே மறுபடி போடும் வழக்கம் டிரைவ்-இன்களில் உண்டு. அதுவும் இந்த முறையில் தடையின்றி நடக்கும், ஏனென்றால் எப்போதும் ஒரு தட்டு காலியாகவே இருக்கும். ஜெர்மானியத் திரையரங்க உரிமையாளர் வில்லி புர்த் உருவாக்கிய இந்த ஏற்பாட்டின் முதல் நன்மையே, ஓடி முடிந்த படத்தைத் திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை என்பதுதான். அதை வைத்துக்கொண்டு ஐந்து நிமிட வேலைக்கு அஞ்ச வேண்டுமா?

ஸ்ப்ளைசர்:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் நீளமே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007-இல் அமெரிக்காவில் இரு படங்களை இணைத்து வெளிவந்த ‘கிரைண்ட்ஹவுஸ்’ 191 நிமிடம் ஓடியது. அது 17,000 அடிக்கும் மேல். சுற்றின் இறுக்கம் சரியாக இருந்தால் அந்த நீளம் பெரிய தொல்லை இல்லை. நான் ரீல்களை ஒட்டும்போது ஒவ்வோர் ஒட்டிலும் ஒரு மெல்லிய காகிதக் கீற்றைச் செருகி வைப்பேன். வாரக் கடைசியில் படத்தைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தேட வேண்டியிருக்காது. ஓட்டுவதற்கு முன்பு அந்தக் கீற்றுகளை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், பிலிம் வெளியேறும்போது அவை தாமாகவே உதிர்ந்து தரையில் விழும். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

வறண்ட காற்றில் பாலியெஸ்டரில் நிலைமின்சாரம் ஏறி, இரண்டு அடுக்குகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். கேபினில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்வதும், பிளாட்டரை முறையாக எர்த் செய்வதும் கட்டாயம்.

ஒன்று கேட்க மறந்தேன்: பிரிண்ட் யாருடையது? ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கியது என்றால் பிளாட்டர் பேச்சே எடுக்காதீர்கள். ரீலின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டுவதைப் பெரும்பாலான காப்பகங்கள் அனுமதிப்பதில்லை. இரண்டு புரொஜெக்டர்களில் ரீல் ரீலாக மாற்றி மாற்றித்தான் ஓட்ட வேண்டும்.

இரவுக்காட்சி:

இருவருக்கும் நன்றி. முதல் படம் விநியோகஸ்தருடையது. இரண்டாவது காப்பகத்துப் பிரிண்ட் என்பதை, உங்கள் கேள்விக்குப் பிறகு பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வெட்டக்கூடாது என்று அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் கேபினில் ஒரே புரொஜெக்டர்தான் உள்ளது. எனவே அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேறொரு பிரிண்டுக்கு ஏற்பாடு செய்யுமாறு உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை வளையத்தையும் மூளையையும் மாற்றும் வேலையை, புரொஜெக்டர் விளக்கை ஏற்றாமல், நாலைந்து முறை செய்து பழகிக்கொள்வேன்.