147 செ.மீ. உயரத்துக்கு எத்தனை கிலோ இருந்தா சரி?

அக்காமாரே, தங்கச்சிகளே, டாக்டரோ டயட்டீஷியனோ யாராவது இருந்தா வழி சொல்லுங்க. எனக்கு வயசு 38, உயரம் 147 செ.மீ., எடை 57 கிலோ. ரெண்டு பிள்ளைங்க. ஊர் பாம்பன் பக்கம்; கடல்ல முங்கி பாசி எடுக்கிற வேலை.

எவ்வளவு குறைக்கணும்னு ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. உயரத்துல நூறைக் கழிச்சா 47. போன் ஆப்ல பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியான்னு பார்க்கிற கணக்கு) 25-க்குக் கீழ இருந்தா போதும்னு 53 சொச்சம் வரைக்கும் பச்சை காட்டுது. இந்தியர்களுக்கு 23-க்குள்ள இருக்கணும்ங்கிற கணக்குல போட்டா 49 சொச்சம்தான். உயரமானவங்களுக்கு நாலு கிலோ பெரிசில்ல. என் உடம்புக்கு அது ரொம்பப் பெரிய வித்தியாசம்.

போன வருஷம் ராத்திரிச் சோத்தை விட்டு, கேப்பைக்கூழு, அவிச்ச பயறுன்னு இருந்து 50-க்கு வந்தேன். இடுப்பளவு தண்ணில நிக்கும்போதே கண்ணு இருட்டுச்சு. நனைஞ்ச பாசிப் பையைத் தோள்ல ஏத்தினா காலு நடுங்கும், கரையேறவே முடியல. பழையபடி சாப்பிட ஆரம்பிச்சதும் எடை ஏறிடுச்சு.

இப்ப படி ஏறினா முழங்கால் வலி. இடுப்புச் சுற்றளவு 84 செ.மீ.; நம்ம பெண்களுக்கு 80-க்குள்ள இருக்கணும்ங்கிறாங்க. சுகர், தைராய்டு சரியா இருக்கு. ஹீமோகுளோபின் மட்டும் 10.2, அதுக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறேன். எடையைப் பத்திக் கேட்டா டாக்டர் "குறைங்கம்மா"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டார்.

ரத்தசோகையோட இந்த வேலையையும் பார்க்கிற நான், இப்போதைக்கு 53-ஐக் குறியா வச்சா போதுமா, இல்ல 49-க்கே இறங்கணுமா?