அந்தச் சர்க்கரை மண்டை ஓடு யாருடையது?

தேனி ராசு:
நேற்று பனைமரத்தான் எழுதியதைப் படித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மலர்க்கொடி பாவம், இலையுதிர் காலத்தில் இறந்தவர்களை நினைக்கும் விழாக்கள் எந்தெந்த நாட்டில் உண்டு என்றுதான் கேட்டார். அதற்கு இவர், மெக்சிகோவின் இறந்தோர் நாள் ஸ்பானியர்களுக்கு முன் அங்கே ஆண்ட அஸ்டெக் மக்களின் மூவாயிரம் ஆண்டுப் பழைய விழா, அன்று படைத்த அதே சர்க்கரை மண்டை ஓட்டைத்தான் இன்றும் படைக்கிறார்கள், ஸ்பானியர்கள் தேதியை மட்டும் மாற்றினார்கள் என்று அடித்துவிட்டிருக்கிறார். மற்றதை விடுங்கள். சர்க்கரை எங்கிருந்து வந்தது? கரும்பை அந்தப் பக்கம் கொண்டுபோனவர் கொலம்பஸ், 1493ல், இரண்டாவது பயணத்தில். அதற்கு முன் அங்கே தேன் இருந்தது, கற்றாழைப் பாகு இருந்தது. இல்லாத சர்க்கரையில் எப்படி ஐயா மண்டை ஓடு பிடித்தார்கள்?

பனைமரத்தான்:
ராசு அண்ணனுக்கு வணக்கம். மகாளய அமாவாசை விவாதத்தில் நான் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை, அதற்குள் மெக்சிகோ போய்விட்டீர்கள். பரவாயில்லை. அஸ்டெக்குகளுக்கு இறந்தவர்களுக்கென்றே அடுத்தடுத்து இரண்டு விழாக்கள் இருந்தன, ஒன்று குழந்தைகளுக்கு, மற்றது பெரியவர்களுக்கு. இன்றும் நவம்பர் 1 குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. தியேகோ துரான் என்ற டொமினிக்கன் சபைத் துறவி 16ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்துவிட்டு, பழைய விழாவைப் புனிதர் திருநாளுக்குள் ஒளித்துவைத்துக் கொண்டாடுகிறார்களோ என்று சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார். பாதிரியார் எழுதிய சாட்சி, நான் எழுதியதல்ல. மெக்சிகோ நகரத்தில் அஸ்டெக்குகளின் பெரிய கோயிலை ஒட்டி மண்டை ஓடுகளை அடுக்கிக் கட்டிய மேடையை 2015ல் தோண்டி எடுத்தார்களே, அந்த மண்டை ஓடெல்லாம் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்ததா?

தேனி ராசு:
நான் மண்டை ஓட்டைக் கேட்கவில்லை. சர்க்கரையைக் கேட்டேன்.

அப்புறம், துரான் சொல்லும் அந்தப் பழைய விழாக்கள் வந்தது ஆகஸ்ட் பக்கம். நவம்பர் 1 எல்லாப் புனிதர் திருநாள் என்பது 9ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பிராங்குப் பேரரசில் நிலைத்துவிட்டது. மறுநாளை இறந்த எல்லாருக்கும் என்று கிபி 1000ஐ ஒட்டித் தொடங்கிவைத்தவர் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ. அப்போது அஸ்டெக்குகளின் தலைநகரமே பிறக்கவில்லை, அதைக் கட்டியது 1325ல். மூவாயிரம் ஆண்டாம்! வாட்ஸப்பில் வந்ததை இங்கே கொட்டாதீர்கள் தம்பி.

அந்தோணி தூத்துக்குடி:
ஏதோ ஐரோப்பாக்காரன் மேலே ஒட்டவைத்த விழா மாதிரிப் பேசுவது எங்களுக்கும் வலிக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் முன்கூட்டியே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூமாலையும் மெழுகுவத்தியுமாகக் குடும்பமே போய் உட்காருவோம், சாமியார் கல்லறைகளை மந்திரித்துப் போவார். இதற்கு அஸ்டெக் வேண்டியதில்லை. சர்க்கரை உருவமும் மெக்சிகோவுக்கு மட்டும் சொந்தமில்லை. சிசிலியில் அதே நவம்பர் 2க்குச் சர்க்கரைப் பொம்மை செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், செத்துப்போன தாத்தா பாட்டி கொண்டுவந்து வைத்தது என்று சொல்லி.

பனைமரத்தான்:
ஓ, ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறீர்களா. நல்லது.

சர்க்கரை சர்க்கரை என்று உயிரை விடுகிறீர்களே, அஸ்டெக்குகள் தண்டுக்கீரை இனத்து விதையை மாவாக்கி, இனிப்புப் பாகில் பிசைந்து, சாமி உருவம் பிடித்து, அதை எல்லாருமாகப் பிட்டுத் தின்றார்கள். இன்றைக்கும் மெக்சிகோ சந்தையில் அந்த விதையிலேயே செய்த மண்டை ஓடு விற்கிறது. மாவு மாறியது, பழக்கம் மாறவில்லை. அந்த நாளுக்கு வைக்கும் செண்டுமல்லியும் அந்த மண்ணின் பூதான், நம் ஊர் ஆயுதபூஜை மாலைக்கு வந்ததே அங்கிருந்துதான்.

மலர்க்கொடி:
நான் கேட்ட கேள்வி யாருக்காவது நினைவிருக்கிறதா? கொரியாவின் அறுவடைத் திருநாளான சூசோக், முன்னதாகவே போய்க் கல்லறைப் புல்லை வெட்டிவிட்டு வருவார்களாம். ஜப்பானில் இரவும் பகலும் சமமாக வரும் வாரத்தில் கல்லறைக்குப் போவது. கம்போடியாவில் முன்னோருக்குப் படைக்கும் ப்சும் பென், 15 நாள், கிட்டத்தட்ட நம் மகாளய பட்சத்தோடு சேர்ந்தே வருகிறது. இதைப் பற்றி யாராவது பேசினால் நன்றாக இருக்கும்.

தேனி ராசு:
பேசலாம் மேடம். முதலில் இவர் ஒரு வரி சொல்லட்டும். "அதே சர்க்கரை மண்டை ஓடு" என்று எழுதினாரா இல்லையா? இப்போது கீரை விதை என்கிறார். நாளைக்குக் கேழ்வரகு என்பார். 1760களில் மெக்சிகோவுக்கு வந்த அஹோஃப்ரின் என்ற கப்புச்சின் சபைத் துறவி, இந்த நாளுக்காகச் சர்க்கரைப் பாகில் செய்த உருவங்கள் விற்றதைக் குறித்துவைத்திருக்கிறார். சர்க்கரை ஆலைகள் வந்து, ஸ்பானியப் பலகாரக் கைத்தொழில் வந்து, அதற்குப் பிறகு வந்த பண்டம் அது. இன்றைக்கு அக்டோபரில் மெக்சிகோவின் தொலூக்கா நகரச் சந்தைக்குப் போனால் தெரு முழுக்க அதுதான். நன்றாகத்தான் இருக்கிறது, நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அஸ்டெக் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். மெக்சிகோ நகரத்தின் பெரிய ஊர்வலம்கூட 2016ல்தான் தொடங்கியது. முந்தைய ஆண்டு வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு ஊர்வலத்தைக் காட்டினார்கள், அதைப் பார்த்துவிட்டு நிஜமாகவே நடத்தினார்கள். அதையும் மூவாயிரத்தில் சேர்த்துவிடுவீர்களா?

தகடூர்க்காரன்:
கரும்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், கரும்பு யாருடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. புறநானூறு 99ல் ஔவையார், அதியமானின் முன்னோர் இந்த மண்ணுக்குக் கரும்பு தந்தார்கள் என்று பாடுகிறார். கொலம்பஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய பாட்டு. அப்படியானால் அந்தச் சர்க்கரை மண்டை ஓட்டில் தமிழனுக்கும் பங்கு உண்டு.

தேனி ராசு:
உங்கள் பாட்டே கரும்பு வெளியிலிருந்து வந்தது என்கிறது. கரும்பின் தாய்வீடு நியூ கினி. சாற்றைக் காய்ச்சிக் கட்டிச் சர்க்கரை ஆக்கியது இந்தியாவில், அதை அரபிகள் மேற்கே ஸ்பெயின் வரைக்கும் கொண்டுபோனார்கள். இதில் அதியமானை இழுக்காதீர்கள்.

தகடூர்க்காரன்:
இழுக்காதீர்களா? ஔவையைவிட உங்களுக்குத் தெரியுமோ? தேனிக்காரர்களுக்கு அதியமான் என்றாலே ஏன் இளக்காரம் என்று புரியவில்லை.

பனைமரத்தான்:
விடுங்கள் நண்பரே, எல்லாரிடமும் இவர் இப்படித்தான். துரானுக்கு இதுவரை ஒரு பதில் இல்லை, கவனித்தீர்களா? ஆகஸ்டில் வந்தது நவம்பருக்குப் போனது என்று பாதிரியாரே சந்தேகப்படுகிறார், நானும் தேதி மாறியது என்றுதானே முதலிலேயே எழுதினேன்.

தேனி ராசு:
சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். ஊரில் எதைப் பார்த்தாலும் விக்கிரக வழிபாடு என்று சந்தேகப்படுவதுதான் அவர்களுக்கு வேலை. சர்க்கரை?

அந்தோணி தூத்துக்குடி:
ராசு அண்ணே, பாதிரியார்களைப் பற்றி இந்தத் தொனி வேண்டாம். உங்கள் பக்கம் பேச வந்தவன் நான்.

தேனி ராசு:
என் பக்கம் பேச நான் யாரையும் அழைக்கவில்லை.

தகடூர்க்காரன்:
பார்த்தீர்களா அந்தோணி, இதைத்தான் சொன்னேன். தேனிக்காரர்களே இப்படித்தான்.

மலர்க்கொடி:
நானும் தேனிதான்.